ஓர் இன்ஜின், எத்தனை தலை? புல்வெட்டும் மெஷின் வாங்கும் முன்

போன வாரம் எதிர்த்தோட்டத்து அண்ணன் வரப்பில் நின்றபடியே கேட்டார். "ஏந்தம்பி, அஞ்சாறு வேலை செய்யற மெசின் ஒண்ணு இருக்குதாமா. அதையே வாங்கிப் போட்டுட்டா தேவலைதானே?" கடையில் கொடுத்த நோட்டீசையும் நீட்டினார். புல் வெட்டும், நெல் அறுக்கும், களை எடுக்கும், மரம் கழிக்கும், தண்ணீர் இறைக்கும், குழி தோண்டும். இன்ஜின் ஒன்று, தலை ஆறு.

வரப்பில் நின்று ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. ஆறு வருடத்தில் மூன்று மெஷின் மாற்றியிருக்கிறேன். காங்கேயம் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டில் நான்காவது வகை ஒன்று ஓடுகிறது. நான்கையும் கையாண்டதில் தெரிந்ததை அண்ணனுக்காகவும், அவரைப் போலக் கடை வாசலில் நிற்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலைமை. ஆனைமலைப் பக்கம் நாலு ஏக்கர். மூன்றரை தென்னை, அரை ஏக்கர் நெல். கார்த்திகை மழை ஓய்ந்து தோப்புக்குள் இறங்கினால் எது வாய்க்கால், எது வட்டப்பாத்தி என்று தெரியாது. இடுப்பளவு பார்த்தீனியம், அடியில் அருகும் கோரையும், வேலியோரம் உண்ணிச்செடி. ரோட்டவேட்டர் விட்டால் ஒரு காலையில் சுத்தமாகும். ஆனால் தென்னை வேர் மேல்மண்ணில் பரவிக் கிடப்பது. ஒவ்வொரு உழவிலும் கொஞ்சம் அறுபடும். களைக்கொல்லியில் எனக்கு மனம் ஒப்பவில்லை. பலரும் நம்பியிருந்த கிளைபோசேட்டையும் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே அடிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்படுத்திவிட்டது. அரிவாள் பிடிக்க ஆள் கிடைப்பது அரிது. வெட்டி, வெட்டியதை அங்கேயே மூடாக்காகப் போடுவதுதான் தென்னைக்கும் நல்லது. அதற்குத் தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் வேண்டும். எந்தக் கட்டர் என்பதுதான் கேள்வி.

தலையை எங்கே கழற்றுகிறோம்?

கடைக்காரர் இன்ஜினைப் பற்றிப் பேசுவார். எத்தனை சிசி, எத்தனை குதிரைச் சக்தி என்று. பல தலை மாட்டும் மெஷின் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது குழாயின் மறுமுனையை.

மெஷினின் அமைப்பு எளிது. மேலே இன்ஜின். அதன் வாயில் கிளட்ச். வேகம் கூடும்போது தானே விரிந்து பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து ஒரு குழாய். குழாய்க்குள் சுழலும் உள்தண்டு. நுனியில் கியர் பாக்ஸ். அதன் அடியில் நைலான் நரம்பைச் சுழற்றும் தலையோ பிளேடோ. இதில் மூன்று இடங்களில் தலையை மாற்றலாம். கியர் பாக்ஸுக்குக் கீழே நட்டைக் கழற்றி மாற்றுவது முதல் வகை. கியர் பாக்ஸையே குழாயிலிருந்து உருவி, வேறு கியர் பாக்ஸ் மாட்டுவது இரண்டாவது. குழாயையே நடுவில் பிரித்து, கீழ்ப்பாதியை மொத்தமாக மாற்றுவது மூன்றாவது. நோட்டீசில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும். வேலையில் மூன்றும் வெவ்வேறு.

நட்டுக்குக் கீழே: நரம்பும் பிளேடும்

இது எல்லா பிரஷ் கட்டரிலும் உண்டு. கியர் பாக்ஸின் துளையில் ஒரு கம்பியைச் செருகி அச்சு சுழலாமல் நிறுத்திவிட்டு நட்டைத் திருப்ப வேண்டும். இது இடது மரை. வழக்கமான நட்டுக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எல்லா பலத்தையும் போட்டு முறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் எங்கள் ஊரில் பலர். பழகிவிட்டால் மூன்று நிமிட வேலை.

உண்மையில் வருடத்தில் பத்தில் எட்டு நாள் வேலை இந்த நட்டோடு முடிந்துவிடுகிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நைலான் நரம்பால் புல் வெட்டும் யோசனை 1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவருக்கு வந்தது. கார் கழுவும் நிலையத்தில் சுழலும் நைலான் தூரிகைகளைப் பார்த்தவர், ஒரு தகர டப்பாவில் துளையிட்டு நரம்பைக் கோத்துச் சுழற்றிப் பார்த்தார். மரத்தடியை ஒட்டிய புல்லை வெட்ட வேண்டும், மரம் காயப்படக் கூடாது என்பதுதான் அவர் தேவை. முதிர்ந்த தென்னைக்கு அது சரி. ஆனால் இரண்டு வயதுத் தென்னம்பிள்ளைக்கும், ஊடுபயிராக வைத்த ஜாதிக்காய், கோகோ கன்றுகளுக்கும் சரியில்லை. நரம்பு இளம்பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் கன்று மெல்லக் காயும். கன்றைச் சுற்றி இரண்டடிக்கு நான் இன்றும் கையால்தான் களை எடுக்கிறேன்.

கடையில் 2 மி.மீ. முதல் 3 மி.மீ. வரை நரம்பு உண்டு. 35 சிசி இன்ஜினுக்கு 2.4 அல்லது 2.7 போதும். 3 மி.மீ. நரம்பு தடித்த தண்டை வெட்டும். ஆனால் சிறிய இன்ஜின் மூச்சு வாங்கும். நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள். வெயிலில் கிடந்து காய்ந்த நரம்பு மொறுமொறுவென்று ஒடியும். முந்தைய நாள் இரவே சுருளைத் தண்ணீரில் ஊறப் போட்டால் மறுநாள் பாதி நரம்புதான் செலவாகிறது. இது எனக்குப் பட்டறைக்காரர் ஒருவர் சொல்லித் தந்தது. அன்றிலிருந்து தொட்டியில் ஒரு சுருள் எப்போதும் கிடக்கும்.

தலைக்கு மேலே இருக்கும் மறைப்புத் தகட்டில் ஒரு சிறு கத்தி இருக்கும். நீளும் நரம்பை அளவாக நறுக்குவது அதுதான். வேலை வேகமாக நடக்கட்டும் என்று பலர் மறைப்பைக் கழற்றிவிடுகிறார்கள். நரம்பு நீளும், இன்ஜின் திணறும், கிளட்ச் சூடாகும், கல் நேராக முழங்காலுக்கு வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 செ.மீ. வட்டத்தில் நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால் நரம்பு நுனி நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் போகிறது. மணிக்கு 370 கி.மீ.க்கு மேல். அந்த வேகத்தில் அடிபட்ட சரளைக்கல் கண்ணை எடுக்கும். சுற்றிலும் 15 மீட்டருக்குள் ஆளோ மாடோ இருக்கக் கூடாது என்று மெஷினோடு வரும் புத்தகத்தில் போட்டிருப்பதை அப்படியே கடைப்பிடியுங்கள். முகத்தை மறைக்கும் தடுப்பும் கால் காப்பும் இல்லாமல் நான் மெஷினை இயக்குவதில்லை. பார்த்தீனியத்தை நரம்பால் அடித்தால் சாறு தெறித்துத் தோல் அரிக்கும்; முழுக்கைச் சட்டையும் முகத்துணியும் கட்டாயம். பூக்கும் முன்பே வெட்டிவிட்டால் மகரந்தத் தொல்லையும் இல்லை, விதையும் விழாது.

தண்டு முற்றிய பிறகு நரம்பு உதவாது. மூன்று பல் பிளேடு தண்டுள்ள களைக்கும், கோ-5 கம்பு நேப்பியர் மாதிரித் தீவனப்புல்லுக்கும் நன்றாக ஓடும். எண்பது பல் பிளேடு சீமைக்கருவேல் கன்று, உண்ணிச்செடி, நெல் தாள் ஆகியவற்றுக்கு. பல் நுனியில் கடின உலோகத் துணுக்கு ஒட்டியிருக்கும். கல்லில் பட்டால் அது தெறித்துப் பறக்கும். எங்கள் தோப்பில் கல் குறைவு, அதனால் போடுகிறேன். வேலியோரம் சரளை உள்ளவர்கள் மூன்று பல்லோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பிளேடு போட்டால் வெட்டும் முறையும் மாற வேண்டும். பிடித்திருப்பவர் மேலிருந்து பார்க்க, பிளேடு இடஞ்சுழியாகச் சுற்றும். வலமிருந்து இடமாக வீசி, பிளேடின் இடது முன்பக்கத்தால் வெட்டினால் புல் இடப்பக்கம் வரிசையாகச் சாயும். வலது முன்பக்கம் மரக்கட்டையிலோ கல்லிலோ பட்டால் மெஷின் வலப்பக்கமாகத் துள்ளி எகிறும். ஒருமுறை என் கையிலிருந்து அப்படித் திமிறியது. தோள்வாரை மாட்டியிருந்ததால் தப்பித்தேன்.

இரும்புச் சங்கிலித் தலை என்று ஒன்று விற்கிறார்கள். வட்டத் தகட்டில் சங்கிலித் துண்டுகள் தொங்கும். விலை குறைவு, புதரைத் துவம்சம் செய்யும் என்று வீடியோவில் காட்டுவார்கள். அதை வாங்கவே வாங்காதீர்கள். கண்ணி ஒன்று அறுந்தால் அது தோட்டாவைப் போலப் பாயும். ஐரோப்பிய ஒன்றியம் 2012-லேயே இந்த வகைத் தலையைச் சந்தையிலிருந்து விலக்கச் சொல்லிவிட்டது. இங்கே இணையத்தில் இன்னும் கிடைக்கிறது என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

கியர் பாக்ஸை உருவி மாற்றுவது

கியர் பாக்ஸைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, குழாயின் துளைக்குள் இறங்கியிருக்கும் சிறு நிறுத்தத் திருகாணியையும் எடுத்தால், கியர் பாக்ஸ் கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் களையெடுக்கும் தலை, தண்ணீர் இறைக்கும் பம்ப் தலை என்று மாட்டலாம். ஒற்றைக் குழாய் மெஷினுக்கு "எல்லா அட்டாச்மென்ட்டும் சேரும்" என்று கடையில் சொல்வது இந்த முறையைத்தான்.

எல்லாம் சேராது. இரண்டு அளவு ஒத்துப்போக வேண்டும். குழாயின் வெளிவிட்டம் ஒன்று. நம் சந்தையில் பெரும்பாலும் 26 அல்லது 28 மி.மீ. உள்தண்டு நுனியில் உள்ள பல் எண்ணிக்கை இன்னொன்று. ஏழு அல்லது ஒன்பது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

நான் இதில் அடிபட்டவன். முதல் மெஷினுக்கு 26 மி.மீ. குழாய். இணையத்தில் வாங்கிய களைத் தலை 28 மி.மீ. இரண்டு மி.மீ.தானே என்று தகரத்தைச் சுருட்டிச் செருகி போல்ட்டை இறுக்கினேன். கத்தரிப் பாத்தியில் அரை மணி நேரம் ஓடியது. பிறகு தலை குழாயின் மேலேயே சுழன்று திரும்பிக்கொண்டது. உள்தண்டின் நுனியும் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. பொள்ளாச்சியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனபோதுதான் சரியான வழி தெரிந்தது. உள்ளே 26, வெளியே 28 அளவில் அலுமினிய புஷ் (இடைவளையம்) ஒன்று கடைந்து, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுத் தந்தார். கீறல் இருந்தால்தான் போல்ட்டை இறுக்கும்போது புஷ் குழாயைக் கவ்விப் பிடிக்கும். நிறுத்தத் திருகாணிக்கான துளையையும் புஷ்ஷில் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு தலை நழுவவில்லை.

விட்ட வித்தியாசத்துக்கு இப்படி வழி உண்டு. பல் வித்தியாசத்துக்கு இல்லை. ஏழு பல் தண்டில் ஒன்பது பல் தலையைத் தட்டி உட்கார வைப்பவர்கள் உண்டு. சில மணி நேரத்தில் பல் மழுங்கி, தண்டும் போகும், தலையும் போகும். விட்டம் அளக்கும் வெர்னியர் கருவி இல்லையென்றால் ஒரு நூலைக் குழாயில் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 26 மி.மீ. குழாய்க்கு 82 மி.மீ. சுற்றளவு வரும், 28-க்கு 88. பல்லை டார்ச் அடித்து எண்ணுங்கள். இரண்டையும் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உதிரிபாகக் கடையில் மாடல் பெயரைவிட அந்தப் படம்தான் பயன்படும்.

அளவு சேர்ந்துவிட்டது, சரி. வேலை சேருமா? களைத் தலையைப் பற்றித்தான் அண்ணனுக்கு அதிக ஆசை. அதனால் கணக்கோடு சொல்கிறேன். சந்தையில் பரவலாக உள்ள 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின், ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 போன்றது, ஏறத்தாழ 1.3 குதிரைச் சக்தி. களைத் தலைக்குள் இருக்கும் கியர் சுழற்சியை நிமிடத்துக்குச் சில நூறாகக் குறைத்து விசையைக் கூட்டுகிறது. விசை கூடலாம், சக்தி அதே 1.3தான். களை கிளறவென்றே நாம் வாடகைக்கு எடுக்கும் பவர் வீடர் மெஷின் ஐந்து, ஏழு குதிரைச் சக்தி.

விளைவு இதுதான். தண்ணீர் பாய்ச்சி இரண்டு மூன்று நாள் ஆன பொலபொலப்பான செம்மண்ணில், கத்தரி, தக்காளி வரிசைக்கு நடுவே முளைத்த சின்னக் களையை அது அழகாகக் கிளறும். காய்ந்து இறுகிய மண்ணில் மேலேயே குதிக்கும். நாம் அழுத்துவோம். கிளட்ச் வழுக்கிக் கருகிய வாடை வரும். தென்னந்தோப்பில் இன்னும் மோசம். மட்டையும் நாரும் பற்களில் சுற்றிக்கொள்ளும், 16 மி.மீ. சொட்டுநீர்க் குழாய் ஒன்று சிக்கினால் இழுத்துச் சுருட்டிவிடும். கால் ஏக்கருக்குள் காய்கறி வைத்திருப்பவருக்கு இந்தத் தலை நல்ல துணை. தோப்புக்கு வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை மையத்திலோ அக்கம்பக்கத்திலோ பவர் வீடரை ஒரு நாள் எடுப்பது மலிவு.

பம்ப் தலை தொட்டி கழுவ, நாற்றங்காலுக்கு ஊற்ற ஆகும், அவ்வளவுதான். குழி தோண்டும் தலையை இந்தச் சின்ன இன்ஜினில் மாட்டாதீர்கள். கல்லில் துளைப்பான் சிக்கினால் மெஷின் சுழன்று மணிக்கட்டை முறுக்கும்.

நெல் அறுக்கும் தலை என்பது தனித் தலையே இல்லை. எண்பது பல் பிளேடு, அதன் மேல் தாளைத் தாங்கி ஒருபக்கம் சாய்க்கும் கம்பித் தாங்கி. நட்டுக்குக் கீழே நடக்கும் மாற்றம்தான். இதை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். எங்கள் அரை ஏக்கருக்குள் அறுவடை இயந்திரம் வராது. வந்தாலும் ஈரத்தில் வரப்பை உடைத்துவிடும். இந்தத் தாங்கியோடு நான் அறுத்துக்கொண்டே போக, பின்னால் இரண்டு பேர் அரிபோட்டு அள்ளினால் ஒரு நாளில் முடிகிறது. பயிர் நேராக நிற்க வேண்டும், தாள் உலர்ந்திருக்க வேண்டும். காற்றில் சாய்ந்த பயிருக்கு அரிவாள்தான்.

நடுவில் பிரியும் குழாய்

அக்கா வீட்டு மெஷின் இது. குழாயின் நடுவில் ஒரு இணைப்பு. குமிழைத் தளர்த்தி, பொத்தானை அழுத்தி இழுத்தால் கீழ்ப்பாதி வந்துவிடும். வேறு கீழ்ப்பாதியைத் தள்ளினால் 'டக்' என்று உட்காரும். சாவியே வேண்டாம், ஒரு நிமிடம் ஆகாது. ஸ்டில் நிறுவனம் கோம்பி சிஸ்டம் என்ற பெயரில் விற்பதும், ஹோண்டா வெர்ஸ்அட்டாச் என்று விற்பதும் இந்த வகை.

இதன் பலம், ஒவ்வொரு கீழ்ப்பாதியும் அதனதன் வேலைக்கென்றே செய்யப்பட்டது. வேலி கத்தரிக்கும் பாதி, கிளை அறுக்கும் சங்கிலி ரம்பம், புல் வெட்டும் பாதி எல்லாம் அதே நிறுவனத்தின் அளவில் ஆட்டமில்லாமல் சேரும். பலவீனமும் அதுவே. ஒரு நிறுவனத்தின் இணைப்பு இன்னொன்றில் சேராது. அமெரிக்காவில் பல நிறுவனங்கள் ஒரே வகைச் சதுர நுனி இணைப்பை வைத்திருப்பதால் அங்கே மாற்றி மாட்டிக்கொள்கிறார்கள். இங்கே அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம். முதல் இன்ஜினை வாங்கும்போதே அடுத்து வாங்கப்போகும் எல்லாத் தலைகளுக்கும் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. அதனால் இன்ஜின் விலையை மட்டும் கேட்காமல், உங்களுக்கு வேண்டிய ஒவ்வொரு தலையின் விலையையும், அது உள்ளூரில் இருப்பில் உள்ளதா என்பதையும் கேளுங்கள். வரவழைத்துத் தருகிறோம் என்றால் சீசன் முடிந்து வரும்.

இணைப்புப் பகுதியால் எடை கொஞ்சம் கூடும். பொத்தான் துளைக்குள் முழுதாக இறங்காமல் ஓட்டினால் உள்தண்டின் நுனி தேயும். மண் படிந்திருந்தால் துணியால் துடைத்துவிட்டுச் செருக வேண்டும். வாரம் ஒருமுறை இணைப்பில் கொஞ்சம் கிரீஸ்.

அக்காவுக்கு இதுதான் சரி என்று நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்குக் கொறங்காடு, அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்; கிளுவை வேலி பர்லாங்கு கணக்கில் ஓடுகிறது. முள் வேலியை அரிவாளால் கழித்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். வேலி கத்தரிக்கும் தலை நீளக் குழாயின் நுனியில் இருப்பதால் முள்ளிலிருந்து நாலடி தள்ளி நின்று, ஆள் உயரத்துக்குச் சீராக வெட்டிக்கொண்டே போகலாம். விரல் கன கிளைவரை போகும். அதைவிடத் தடித்ததற்கும், ஆட்டுக்கு வெள்வேலங்கிளை கழிக்கவும் ரம்பத் தலை. புல் வெட்டுவது அவர்களுக்கு மூன்றாவது வேலைதான். மூன்று வேலையும் ஒரே நாளில் மாறி மாறி வரும். அந்த இடத்தில் ஒரு நிமிட மாற்றம் பொன்னானது.

ரம்பத் தலை பற்றி ஒரு வார்த்தை. தென்னை ஓலை கழிக்க உதவுமா என்று கேட்பார்கள். எட்டாது. முருங்கை, மா, கிளைரிசிடியா ஆகியவற்றுக்கு ஆகும். வெட்டும் கிளைக்கு நேர்கீழே நிற்கக் கூடாது. சங்கிலி எண்ணெய்த் தொட்டியை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மின்கம்பி போகும் இடத்தில் இந்த உலோகக் குழாயைத் தூக்கவே கூடாது.

இன்ஜின்

ஏறத்தாழ 52 சிசி என்று போட்ட டூ ஸ்ட்ரோக் மெஷின்கள் ஆறேழு தலையோடு பெட்டியில் வருகின்றன. பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக்கூடக் கிடைக்கும். என் இரண்டாவது மெஷின் அது. வலு நிஜமாகவே இருந்தது. முற்றிய புதரில் ஃபோர் ஸ்ட்ரோக்கைவிட நன்றாக இழுத்தது. ஆனால் அதிர்வில் மாலைக்குள் விரல் மரத்துவிடும். கூட வந்த தலைகளில் இரண்டின் கியரில் கிரீஸே இல்லை. ஏழாவது மாதம் கிளட்ச் மூடி உடைந்தபோது அதற்கு உதிரிபாகம் வாங்க ஆள் தேடி அலைந்தேன். பெட்டிக்குள் இருக்கும் தலைகளின் எண்ணிக்கைக்கு மயங்கியதற்கு நான் கொடுத்த விலை அது.

டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய்க் கலவை தவறக் கூடாது. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25-க்கு 1 என்றால் 40 மி.லி. கூலிக்கு ஓட்டுபவர் கையில் மெஷின் போகுமானால் இதைக் கட்டாயம் எண்ணிப் பாருங்கள். வெறும் பெட்ரோல் ஊற்றி ஒரே நாளில் பிஸ்டன் இறுகிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலவைத் தொல்லை இல்லை, புகை குறைவு, பெட்ரோலும் குறைவு. ஆனால் இன்ஜினுக்குள் இருப்பது சுமார் 100 மி.லி. ஆயில் மட்டுமே. கொஞ்சம் குறைந்தாலும் ஆபத்து. தினமும் பார்க்க வேண்டும். முதல் 10 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் ஓடும்படி அமைத்த இன்ஜினா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வரப்புச் சரிவில் அது அவசியம்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று: இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் தொட்டியில் விட்டால் கார்புரேட்டரில் அடைப்பு வரும், உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு கெடும். வேலை முடிந்தால் தொட்டியை வடித்து, தானே அணையும்வரை ஓட விட்டு வையுங்கள்.

முதுகில் மாட்டும் வகை மலைச்சரிவுக்கும் நீண்ட வரப்புக்கும் சுகம். எடை முதுகில் இறங்கும், கை லேசாக இருக்கும். ஆனால் இன்ஜினுக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் வளையும் கேபிள் கனமான தலைகளுக்கு ஏற்றதில்லை. களைத் தலை மாட்டி கேபிளை முறித்தவர் எங்கள் உறவிலேயே இருக்கிறார். புல் மட்டும்தான் என்றால் வாங்கலாம்.

பேட்டரி மெஷினும் இப்போது தலை மாற்றும் வசதியோடு வருகிறது. 36 வோல்ட், 4 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 144 வாட் மணி. அரை கிலோவாட் இழுத்தால் பதினேழு நிமிடம்தான். லேசான புல்லில் இன்னும் கொஞ்ச நேரம் வரும். வீட்டைச் சுற்றிப் பத்து சென்ட் இடம், பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது என்றால் இதைவிட நல்லது இல்லை. ஏக்கர் கணக்குக்கு மூன்று நான்கு பேட்டரி வேண்டும். அந்த விலைக்கு இன்னொரு மெஷின் வந்துவிடும்.

அப்படியானால் எதை வாங்குவது?

நான் இப்போது ஓட்டுவது 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், ஒற்றைக் குழாய், பக்கவாட்டில் மாட்டும் வகை. நட்டுக்குக் கீழே நரம்பு, மூன்று பல், எண்பது பல், நெல் தாங்கி. இந்த நான்கோடு எங்கள் நாலு ஏக்கர் நடக்கிறது. லேத்தில் புஷ் போட்டு மாட்டிய களைத் தலை இன்னும் இருக்கிறது. அரைச் சென்ட் கீரைப்பாத்திக்கு மட்டும் எடுக்கிறேன்.

தலை மாற்றும் ஒவ்வொரு முறையும் தோள்வார்க் கொக்கி மாட்டும் இடத்தையும் நகர்த்துகிறேன். பிளேடு நரம்புத் தலையைவிடக் கனத்தால் முன்பக்கம் தாழும். கையை விட்டாலும் தலை தரைக்கு ஒரு சாண் மேலே மிதக்கும்படி கொக்கியை வைத்தால் மாலையில் முதுகு வலிக்காது. பல தலை மெஷின் கனம் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் கொக்கியை வாங்கிய நாளிலிருந்து தொட்டிருக்க மாட்டார்கள்.

வேலி, மரக்கிளை, புல் மூன்றும் சரிசமமாக உள்ளவருக்கு நடுவில் பிரியும் குழாய். விலை கூடினாலும் கொடுக்கலாம். கால் ஏக்கருக்குள் காய்கறித் தோட்டம் மட்டும் என்றால் ஒற்றைக் குழாயும் அதே நிறுவனத்தின் களைத் தலையும். இரண்டு ஏக்கருக்கு மேல் களை கிளற வேண்டியிருந்தால் தனி பவர் வீடர். பிரஷ் கட்டரில் அந்த ஆசையே வேண்டாம்.

மானியமும் உண்டு. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குப் பாதி விலையும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும் ஓர் உச்சவரம்புக்குள் கிடைக்கும். உழவன் செயலியில் பதிவு செய்துவிட்டு, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதி வருமுன் பணம் கட்டி வாங்கிவிடாதீர்கள். பட்டியலில் உள்ள மாடலின் குழாய் அளவையும் பல் எண்ணிக்கையையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு மூன்று ஏக்கர் தென்னை, இரண்டு மாடு, ஓரத்தில் தீவனப்புல். வேலி கம்பிவேலி. நெல் இல்லை. "இல்லீங்கண்ணா, உங்களுக்கு அந்த ஆறு தலை வேண்டாம், நட்டுக்குக் கீழே ரெண்டு போதும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நோட்டீசைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்தக் களையெடுக்கறது மட்டும்..." என்று ஆரம்பித்தார். என் களைத் தலையை மாட்டிக் கொடுத்து, அவர் தோப்பிலேயே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். இருபது நிமிடத்தில் மூன்று முறை நார் சிக்கி, மூன்று முறையும் நிறுத்தி, பிளக் ஒயரைக் கழற்றி, கத்தியால் அறுத்து எடுத்தோம்.

வியாழக்கிழமை பொள்ளாச்சிக்குப் போகிறோம். வெர்னியரும் டார்ச்சும் எடுத்து வைத்துவிட்டேன்.